பழனி மொட்டைக்குப் பிறகு என் மகளை எனக்கே தெரியவில்லை. முகம் பிடிபடாத அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கரூர் அம்மா:
இது என்ன பிரச்சினை என்று இங்கே வருபவர்களுக்குத் தெரியும், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்த்து ஆள் யாரென்று எனக்குத் தெரியாது, பிறவியிலிருந்தே. பார்வையில் குறையில்லை, ஊசியில் நூல் கோர்ப்பேன். ஆட்களை நடை, குரல், முடி வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

தைப்பூசத்துக்குப் பழனி போய் மகளுக்கு மொட்டை போட்டோம், வேண்டுதல். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மறுநாள் சாயங்காலம் ஸ்கூல் கேட்டில் நிற்கிறேன். எங்கள் பக்கம் பாதயாத்திரை போகிற குடும்பங்கள் அதிகம், அவள் வகுப்பிலேயே நாலு மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம், எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம்.

ஒரு குழந்தை வந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நான் அதன் தலைக்கு மேலே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை. “யாரு கண்ணு, உங்கம்மா இன்னும் வரலியா?” என்று கேட்டேன். “அம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் தெரிந்தது.

என் பிரச்சினையை அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவாள். அன்றைக்கு வேண்டுமென்றேதான் பேசாமல் நின்றாள், கூப்பிடாமலே அம்மாவுக்குத் தெரிகிறதா என்று பார்க்க. வண்டியில் வீடு வரும்வரை என் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கண்டக்டர் மகன்:
அக்கா, உங்களுக்குப் பிறவியிலேயே. எங்கப்பாவுக்கு ஒரே காலையில வந்துடுச்சு. 31 வருஷம் பஸ் கண்டக்டர். நிக்க இடமில்லாத பஸ்ல எவன் டிக்கெட் எடுக்கல, யாருக்கு மிச்சம் சில்லறை தரணும்னு முகத்தைப் பார்த்தே சொல்லுவார்.

விடியக்காலம் எழுந்து, “இடது பக்கம் மேல இருட்டா இருக்குடா”ன்னார். கண்ணுன்னு நினைச்சு கண் டாக்டர் வர்ற பத்து மணி வரைக்கும் காத்திருந்தோம். பக்கவாதம்னு எங்களுக்குத் தோணவே இல்ல. கை கால் நல்லாத்தானே இருந்துச்சு. மூளைக்குப் பின்பக்கம் போற வலது ரத்தக் குழாய் அடைச்சிருக்கு.

மூணாம் நாள் வார்டுக்கு ஃபிளாஸ்க்கோட போறேன். என்னைப் பார்த்ததும் போர்வையைச் சரி பண்ணிக்கிட்டு, “வாங்க சார், உக்காருங்க”ன்னார். அவ்வளவு மரியாதையா. “அப்பா, நான்தாம்பா”ன்னேன். “டேய், நீயாடா, எப்படா வந்த?”ன்னு அடுத்த மூச்சுலயே கேட்டார். ஆறு வருஷம் ஆச்சு. அந்த ‘சார்’ இன்னும் காதுல இருக்கு.

மூக்கு, மீசை, கண்ணாடி எல்லாம் தனித்தனியா சரியாச் சொல்லுவார். “எல்லாம் இருக்குடா, ஆள் யாருன்னுதான் வரமாட்டேங்குது”ம்பார். நிறமும் போயிடுச்சு, தக்காளி சாம்பலாத் தெரியுதுன்னு ரசத்தைத் தள்ளி வெச்சார். நிறத்தைப் பார்க்கிற பகுதியும் அது பக்கத்துலயேதான் இருக்காம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்:
கரூர் சகோதரி தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்டக்டர் ஐயாவுக்கு வந்தது நோய், ஒப்புக்கொள்கிறேன். அடிபடாத, நல்ல பார்வை உள்ள ஒருவருக்குப் பெற்ற பிள்ளை தெரியவில்லை என்றால் அது கவனக் குறைவுதான். பயிற்சியால் சரியாகும். நான் ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே 45 பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் மனதில் ஏற்றிவிடுவேன்.

என்னிடம் ஒரு பையன் படித்தான். நோட்டுகளை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னால் ஆள் மாற்றிக் கொடுப்பான். ஒரு வருடம் கூடப் படித்தவனைத் தெரியாதா என்று வகுப்பு முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவன் பெயராகச் சொல்லச் சொன்னேன். நாலு பேரைத்தான் சொன்னான். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவன்! அக்கறை இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

சகோதரி தினமும் பத்து நிமிடம் குடும்பப் படங்களை உற்றுப் பார்க்கட்டும். வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு முறை. இரவு கண் விழிப்பது கூடாது.

கண் பரிசோதகர், 22 வருட அனுபவம்:
ஐயா, உங்கள் கதையே உங்களுக்குப் பதில் சொல்கிறது. கணக்கில் நூறு வாங்குகிற பையனுக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் அனுபவம் சின்னது. ஒரு அம்மா எழுத்துப் பலகையில் 6/6 வரிசை வரை, அதாவது நல்ல பார்வைக்கான வரிசை வரை, தடுமாறாமல் படித்தார். எழுந்து திரும்பி, வாசலில் நின்ற தன் தங்கையிடம் “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்றார். கண்ணாடி எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான், என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

போரில் மூளையில் காயம்பட்டவர்களைப் பார்த்து 1947-ல் ஜெர்மன் மருத்துவர் யோவாகிம் போடாமர் இதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். மூளையின் அடிப்பக்கம், முக்கியமாக வலது பாதியில், முகம் பார்க்கும்போது மட்டும் அதிகமாக வேலை செய்யும் ஒரு பகுதி இருப்பதை 1997-ல் நான்சி கான்விஷர் குழுவினர் ஸ்கேனில் காட்டினார்கள். பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் உங்கள் 45 பேர் வகுப்பில் ஒருவர் இருந்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இது இருந்தது. தாடிக்காரர் ஒருவர் மேல் மோதப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த அவரேதான். சிம்பன்சிகளை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த ஜேன் குட்டாலுக்கும் இருந்தது. அவருக்கா கவனம் குறைவு?

கரூர் அம்மா, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வகுப்பு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், குழந்தையை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகப் பையில் பளிச்சென்று ஒரு நாடா கட்டுங்கள். கூட்டத்துக்குப் போனால் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். இதற்கு மாத்திரை இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை என்று ஒன்று 2006-லிருந்து இருக்கிறது, நரம்பியல் உளவியலாளரிடம் கேட்டுப் பாருங்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் ஒன்று: பார்வையில் பாதி திடீரென இருண்டாலோ, தெரிந்த முகம் திடீரெனத் தெரியாமல் போனாலோ, சிடி ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.

கண்டக்டர் மகன்:
நாலரை மணி நேரம்னு எங்களுக்கும் சொன்னாங்க. பத்தாம் நாள்.

சேலம் வாசகி:
எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். என் மாமியாருக்கு என் கணவரின் முகம் நன்றாகத் தெரியும். “என் பையன் மாதிரியேதான் இருக்க, ஆனா நீ அவன் இல்ல” என்பார். சாப்பாட்டுத் தட்டை வாங்க மாட்டார். ஒருநாள் என் கணவர் மாடிக்குப் போய் அங்கிருந்து போன் பண்ணினார். “எங்கடா போன, இங்க உன்ன மாதிரி ஒருத்தன் வந்து உக்காந்திருக்கான்” என்று அழுதார். கீழே வந்தவரைப் பார்த்ததும் போனை மடியில் மறைத்துக்கொண்டார்.

இதற்குக் காப்கிரா என்று பெயர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், போனில் பேசினால் மட்டும் அம்மா அப்பாவை ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதியதைப் பிறகு படித்தேன். முகத்தை அறியும் வழி திறந்திருக்கிறது, பாசத்துக்குப் போகும் வழி அறுந்துவிட்டது என்பது அவர் விளக்கம். கண்டக்டர் மகனுக்கு ஒரு செய்தி: 1984-ல் ரஸ்ஸல் பாயர் என்ற உளவியலாளர், முகங்களை அடையாளம் காண முடியாத ஒரு நோயாளியிடம் தெரிந்தவர்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் சில பெயர்களைப் படித்தார். சரியான பெயர் வந்தபோது நோயாளியின் தோலில் வியர்வை மாற்றம் தெரிந்தது. வாயால் யாரென்று சொல்ல முடியவில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது.

கண்டக்டர் மகன்:
அக்கா, இதை அப்பா இருக்கும்போது படிச்சிருக்கணும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்:
இரவெல்லாம் அந்தப் பையன் நினைவு. அவன் நோட்டைப் பெஞ்சு வரிசைப்படிதான் கொடுப்பான். நான் இடம் மாற்றி உட்கார வைத்த வாரத்தில்தான் எல்லாம் தப்பாகப் போனது. கரூர் சகோதரி, மன்னிக்கவும்.

கரூர் அம்மா:
பரவாயில்லை ஐயா. என் அம்மாவே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

ஆசிரியையிடம் பேசிவிட்டேன். இன்னொன்றும் நடந்தது. மொட்டைக்குச் சந்தனம் தடவும்போதுதான் உச்சியில் ரெட்டைச் சுழி இருப்பதைப் பார்த்தேன். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் ஒற்றைச் சுழிதான், கேட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளுக்கு மொபைலில் படம் எடுத்துக் காட்டி, இது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்றேன். மறுநாள் ஒரு மொட்டை ஓடி வந்து, வாய் திறக்காமல், என் முன்னால் தலையைக் குனிந்து நின்றது.

இப்போது முடி ஒரு விரற்கடை வளர்ந்து சுழி மறைந்துவிட்டது. இன்னும் குனிகிறாள்.