யார்டு நிறைய ஸ்டாக், ஆனா சைட்டுக்கு வேண்டிய சுவர மட்டும் காணோம் – உங்க கதையையும் சொல்லுங்க

மலேசியா ஜோகூர்ல ஒரு பிரிகாஸ்ட் யார்டுல, அதாவது காங்கிரீட் சுவர முன்னாடியே அச்சுல ஊத்தி சைட்டுக்கு அனுப்புற எடத்துல, பிளானிங் பாத்தேன், கம்பெனி பேரு வேணாம். சிங்கப்பூர் அடுக்குமாடிக்கு சுவரு, ஸ்லாப், படிக்கட்டு எல்லாம் போட்டு சிங்கப்பூருக்குப் போற செகண்ட் லிங்க் பாலம் வழியா டிரெய்லர்ல அனுப்புவோம். சேந்த புதுசுல எங்க பாத்தாலும் பேனல் நிக்குதேன்னு அசந்துட்டேன், கம்பெனி செழிப்பா இருக்கு போலன்னு நெனச்சேன். மூணாவது வாரம் சைட்ல இருந்து போன், ஏழாவது மாடி மூலை சுவரு எங்கடா, கிரேன் சும்மா நிக்குதுன்னு ஒரே கத்தல். தேடித் தேடிப் பாத்தா அது ஊத்தவே இல்ல. ஆனா பன்னெண்டாவது மாடிக்குப் போக வேண்டிய ஜன்னல் பேனல் ரெடியா வெயில்ல காயுது.

காரணம் சிம்பிள், மோல்டு, அதாவது ஊத்துற அச்சு, மாத்துறது தலைவலி. அச்சோட பக்கப் பலகையான சைடு ஷட்டரக் கழட்டி, ஜன்னல் பாக்ஸ நகத்தி, அளவு பாத்து திரும்பப் பூட்டுறதுக்குள்ள அரை நாள் போயிரும், அதனால மேஸ்திரி ஒரு டைப்ப மாட்டிட்டா அதையே பதினஞ்சு ஊத்திட்டுத்தான் விடுவாரு. அவர்கிட்ட ஆபீஸ் கேக்குறதும் இன்னைக்கு எத்தன கியூபிக் மீட்டர்னுதான், சைட்டுக்கு எது வேணும்னு யாரும் கேக்குறதில்ல. அவர மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண?

அப்புறம் லீன், அதாவது வீணாப் போறதக் கொறைக்கிற முறை, அதுக்கு ட்ரெயினிங்னு ஒருத்தர் வந்தாரு. டொயோட்டா கார் கம்பெனில இந்த முறையக் கொண்டு வந்த ஓனோ சொன்ன ஏழு வகை வேஸ்ட்ல தேவைக்கு மேல செஞ்சு வைக்கிறதுதான் ரொம்ப மோசம்னாரு. காருக்கு சரி, காங்கிரீட்டுக்கு என்னய்யான்னு சிரிச்சோம். அவரு பதில் சொல்லல, ஒரு பேனல் பின்னாடியே எங்கள நடக்க விட்டாரு, கம்பி கட்டுறது, ஊத்துறது, சாம்பிள் காங்கிரீட் கியூப உடைச்சு பலம் பாத்துட்டு மோல்டுல இருந்து தூக்குறது, ஸ்டாக், லாரின்னு. ஆளு கைபட்ட நேரத்தக் கூட்டுனா ஒரு நாள் கூட வரல, ஆனா யார்டுல அது கெடந்தது ரெண்டு மாசம். ஒண்ண எடுக்க மூண நகத்தணும், நகத்துறப்ப ஓரம் உடையும், உடைஞ்சதப் பூச தனியா நாலு ஆளு. அந்த நாலு பேரு வேலையே நாங்களா உண்டாக்குனதுன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

முதல்ல மோல்டு மாத்துற நேரத்தக் கொறச்சோம். அடுத்த ஜன்னல் பாக்ஸ முன்னாடியே வெளிய கோத்து வச்சு, ஸ்பேனர் எல்லாம் தள்ளுவண்டில பக்கத்துலயே. அரை நாள் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அப்புறம்தான் மாடி வரிசைப்படி ஊத்த முடிஞ்சது. அதச் செய்யாம வெறும் வரிசைய மாத்தச் சொல்லிருந்தா மேஸ்திரி எங்கள வெட்டிருப்பாரு.

*

அண்ணே, நான் ரெடிமேட் பாத்ரூம் யூனிட் செய்யுற ஃபேக்டரில டைல்ஸ் வேலை. எங்க கிட்ட லீன்னு வந்தது ஒரு கயிறு. தப்பு பாத்தா இழு, லைன் நிக்கும். முதல் வாரம் ஒருத்தனும் இழுக்கல, திட்டு விழும்னு பயம். ஒரு பங்களாதேஷ் பையன்தான் தரை வாட்டம் சரியில்லன்னு இழுத்தான், எல்லாரும் செத்தான்டான்னு பாத்தா, சூப்பர்வைசர் வந்து மட்டம் வச்சுப் பாத்துட்டு நல்ல வேலைன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் தினம் நாலு தடவ நிக்கும். ப்ரொடக்‌ஷன் விழுந்துச்சு, ஆபீஸ்ல ஒரே புலம்பல், ஆனா மாடிக்கு ஏத்துனப்பறம் டைல்ஸ உடைக்கிற வேலை அடியோட கொறஞ்சது.

*

சைட்ல லிஃப்டிங் பாக்குறவன் எழுதுறேன். சிங்கப்பூர் கிளெமென்ட் கேனப்பி அடுக்குமாடி மாதிரி 40 மாடி, ரெண்டு டவர், ஃபேக்டரில செஞ்ச பெட்டி மாதிரி 1866 மாட்யூல்னா நடு ஊர்ல எங்க இறக்கி வைப்பீங்க? வர்ற வண்டில இருந்து நேரா மேல போனாத்தான் உண்டு, அதுல உங்க ஜஸ்ட் இன் டைம், அதாவது வேணுங்கிறப்ப மட்டும் கொண்டு வர்றது, சரிதான். ஆனா கையிருப்பே வேணாம்னு பேசுறவங்க 2020 மார்ச்ச நெனச்சுப் பாக்கணும். 18-ஆம் தேதி மலேசியால கோவிட் ஊரடங்கு, எம்சிஓ, எங்களுக்கு வர வேண்டிய யார்டு மூடிருச்சு. ஸ்டாக் வச்சிருந்த பக்கத்து சைட்காரன் எங்களப் பாத்து சிரிச்சான். ஏப்ரல் 7-ல சிங்கப்பூர் ஊரடங்கு, சர்க்யூட் பிரேக்கர், வந்து அவன் சைட்டும் நின்னுச்சு, அது வேற கதை. மின்னல் வார்னிங் வந்தாலே கிரேன் நிக்குற ஊருங்க இது, லிங்க்ல ஒரு ஜாம்னா வண்டி எப்ப வரும்னே தெரியாது.

*

நீங்க சொல்றது சரி தம்பி, நாங்களும் ஜீரோவுக்குப் போகல. ஒரு மாடி அளவு முன்னாடி ஊத்தி வைப்போம், அதுக்கு மேல போனா நிறுத்திட்டு மோல்டு கழுவுங்கன்னு ரூல். மேஸ்திரி பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நாலு ஜன்னல் பேனல் ஒளிச்சு வச்சிருப்பாரு, எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கல.