கேனான் 5டி: கழன்ற மிரரை வீட்டில் ஒட்டுவது – செய்து பார்த்தவர்கள் பகிரவும்

திரியைத் தொடங்கியவர்

2005-ல் வந்த முதல் 5டி கேமரா இன்றும் பலர் கையில் ஓடுகிறது. அதற்கு ஒரு தெரிந்த வியாதி உண்டு. லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தை வியூஃபைண்டருக்கு (கண் வைத்துப் பார்க்கும் இடம்) திருப்பும் மிரரை, அதைத் தாங்கும் சட்டத்தோடு பிடித்திருக்கும் பசை வருஷக்கணக்கில் வலுவிழந்து, ஒருநாள் ஷட்டரை அழுத்தும்போது கண்ணாடி கழன்று விழும். கேனானே இதை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தச் சலுகை 2015 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. பாடியின் (லென்ஸ் இல்லாத கேமரா) இன்றைய விலைக்குக் கடைக்கூலி கட்டுப்படியாகாது, ஆனால் குப்பையில் போடவும் மனசு வராத கேமரா இது. ஒட்டிப் பார்த்தவர்கள் எந்தப் பசை என்பதோடு நிறுத்தாமல், ஏன் அது, எங்கே சொதப்பும் என்பதையும் எழுதுங்கள்.

பதில் 1

பசைக்கு முன்னால் ஒரு விஷயம். வியூஃபைண்டர் திடீரென இருண்டு, உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் இன்னொரு முறை ஷட்டரை அழுத்தவே கூடாது. பாடியையே கொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது க்ளிக்தான். படம் எடுக்க மேலே எழும் சட்டம் கண்ணாடியை இடித்து உடைக்கும், சில்லு பின்னால் போய் சென்சாரை மூடியிருக்கும் ஷட்டர் இதழ்களைக் கிழிக்கும். மிரர் ஒட்டுகிற வேலை, ஷட்டர் மாற்றுகிற வேலை ஆகிவிடும்.

சுவிட்சை அணைத்து பேட்டரியை எடுங்கள். மேஜையில் மடித்த மெல்லிய துணி விரித்து, மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு லென்ஸை மெதுவாகக் கழற்றுங்கள். கண்ணாடி தானாகத் துணியில் இறங்கும். லென்ஸின் பின்கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

பாடியைத் திறக்கத் தேவையே இல்லை. எல்லாம் மவுண்ட் வாய் வழியாகவே நடக்கும். உள்ளே ஃபிளாஷ் இருக்கிற பாடிகளில் (5டியில் அது இல்லை) மேல்மூடியைக் கழற்றினால் சுமார் 300 வோல்ட் ஏறிய கப்பாசிட்டர் காத்திருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பதில் 2

மிரரைத் துடைக்காதீர்கள் சார், தயவுசெய்து. வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும், இதில் முன்பக்கம். மேலே பாதுகாப்பு எதுவும் கிடையாது, சட்டைத் துணி பட்டாலே கோடு விழும். ஊதும் பல்பு ஒன்றே போதும். ஒரு தூசியோ கீறலோ இருந்தாலும் படத்தில் வராது. படம் எடுக்கும் நொடியில் மிரர் மேலே போய்விடுகிறதே.

எது முன்பக்கம் என்று குழப்பம் வந்தால், காகித நுனி ஒன்றை ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நுனியும் அதன் பிம்பமும் ஒட்டி நின்றால் அது முன்பக்கம். நடுவே இடைவெளி தெரிந்தால் பின்பக்கம். முன்பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

உடைந்துபோனால் கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிப் போடுகிற யோசனை வேண்டாம். பிம்பம் இரட்டையாகத் தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ஆட்டோஃபோகஸ் செத்துவிடும். இந்த மிரர் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தன் ஊடாகப் பின்னால் விடுகிறது, பின்னே இருக்கும் சின்ன மிரர் அதைக் கீழே ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. செத்த 5டி ஒன்றிலிருந்து எடுத்த மிரர் நல்ல வழி.

பதில் 3

பசைக்கு வருவோம். இரண்டு டியூப் எபாக்சி, அதிலும் மெதுவாக இறுகும் அரால்டைட் ஸ்டாண்டர்ட். இதுதான் என் முடிவு. ஐந்து நிமிட வகையில், கண்ணாடியை நேராக்கி முடிப்பதற்குள் பசை இறுகத் தொடங்கிவிடும்.

ஃபெவிக்விக் மாதிரியான ஒட்டிகளை உள்ளே கொண்டுபோகாதீர்கள். இறுகும்போது எழும் ஆவி மிரரிலும், அதற்கு மேலே பிம்பம் விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனிலும் வெள்ளைப் படலமாகப் படியும், அதைத் துடைக்கவும் முடியாது. அந்தப் பசை நொறுங்கும் ரகமும்கூட, ஒவ்வொரு க்ளிக்கிலும் அடி வாங்கி விரிசல் விடும். புளித்த வாடை வரும் சிலிக்கோன் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், ரசத்துக்கு ஆகாது. யுவி பசை வெளிச்சம் பட்ட இடத்தில்தான் இறுகும், சட்டத்துக்கு அடியில் ஈரமாகவே கிடக்கும். இரட்டைப் பக்க டேப் சூட்டில் நகரும், தடிமனும் அதிகம்.

முதலில் பழைய பசையை முழுதாக எடுக்க வேண்டும். பல்குச்சியால் சுரண்டி, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸால் சட்டத்தையும் கண்ணாடியின் பின்விளிம்பையும் துடையுங்கள். பட்ஸ் சொட்டக் கூடாது. அசிட்டோன் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் நிறைய இருக்கிறது. முடிந்தால் ஃபோகஸிங் ஸ்கிரீனை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள். 5டியில் அது மாற்றத்தக்கதுதான், கிளிப்பை இழுத்தால் இறங்கிவிடும்.

ரெசினையும் ஹார்டனரையும் சம அளவு எடுத்து இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். சரியாகக் கலக்காத பசை இறுகாமல் ரப்பராகவே நிற்கும். ஊசிமுனையில் எடுத்து, சட்டத்தின் விளிம்பில் கடுகில் பாதி அளவுக்கு ஐந்தாறு புள்ளிகள். அவ்வளவுதான். சட்டத்தின் நடுவில் ஒரு திறப்பு இருக்கும், பின்மிரருக்கு வெளிச்சம் போகிற வழி. அதற்குள் பசை வழிந்தால் ஃபோகஸ் தடுமாறும்.

கண்ணாடியின் விளிம்புகளை மட்டும் பிடித்து வையுங்கள். கையில் பவுடர் இல்லாத உறை இருக்கட்டும். கண்ணாடி சட்டத்துக்கு வெளியே எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் எழும்போது லென்ஸின் பின்பக்கத்தில் இடிக்கும். கிளிப் போட்டு அழுத்த வேண்டாம், சட்டம் வளைந்துவிடும். அதற்குப் பதில் மவுண்ட் மேல்நோக்கி 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி கேமராவைத் துண்டில் முட்டுக்கொடுங்கள். அப்போது மிரர் தரைக்குச் சமமாகப் படுக்கும், கண்ணாடியின் சொந்த எடையே போதும். மேலே தூசி விழாமல் மூடி, 24 மணி நேரம் தொடாதீர்கள். குளிர்காலமோ ஏசி அறையோ என்றால் 48.

பதில் 4

மேலே சொன்ன “கடுகில் பாதி” கஞ்சத்தனம் இல்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. மிரர் 45 டிகிரியில் நிற்பதால், அடியில் பசை 0.1 மில்லிமீட்டர் கூடுதலாகத் தங்கினால் ஸ்கிரீனுக்குப் போகிற வெளிச்சப் பாதை சுமார் 0.14 மில்லிமீட்டர் மாறும். லென்ஸின் துளையை எஃப்/1.8 என்று அகலத் திறந்தால், 5டி மாதிரி ஃபுல் ஃப்ரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவுக்குச் சென்சார் பக்கம் அனுமதிக்கக்கூடிய பிசகு, வழக்கமான கணக்கில், முன்னும் பின்னும் 0.054 மில்லிமீட்டர்தான். ஆக, கண்ணால் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்வது கெட்டுவிடும்.

பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஆட்டோஃபோகஸ் இதனால் கெடாது. அந்த வெளிச்சம் கண்ணாடியை ஊடுருவிப் போவது, கண்ணாடி ஒரு இழை முன்னால் நின்றாலும் குவியும் இடம் மாறாது. ஒட்டிய பிறகு ஆட்டோஃபோகஸ் பிசகினால் பசையின் தடிமனைக் குறை சொல்லாதீர்கள். வேலையின்போது பின்மிரரில் விரல் பட்டிருக்கும், அல்லது சட்டம் வந்து நிற்கும் சின்ன முளை அசைந்திருக்கும்.

சோதிக்க லைவ் வியூ (பின்திரையில் நேரடியாகப் பார்ப்பது) இந்த மாடலில் கிடையாது. 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ், டிரைபாட், 45 டிகிரியில் சாய்த்த ஸ்கேல். ஒரே கோட்டுக்கு ஆட்டோஃபோகஸில் ஒரு படம், வியூஃபைண்டரைப் பார்த்துக் கையால் ஒரு படம். இரண்டையும் ஒப்பிடுங்கள். பாடியோடு வரும் ஈஈ-ஏ என்ற ஃபோகஸிங் ஸ்கிரீனில் எஃப்/1.8-ன் மெல்லிய ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கையால் துல்லியமாக ஃபோகஸ் செய்வதற்கான ஈஈ-எஸ் ஸ்கிரீன் இருந்தால் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பதில் 5

முழுதாகக் கழலாமல் ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால்? வியூஃபைண்டரில் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மங்கலாகவும் தெரியுது, படம் மட்டும் சரியா வருது.

பதில் 6 (பதில் 3 எழுதியவர்)

அதுதான் அறிகுறி. பல்குச்சியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், வந்துவிட்டால் முழுதாக எடுத்து ஒட்டுவதே நல்லது. வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், கண்ணாடி ஓரம் தெறிக்கும். மெல்லிய செம்புக் கம்பி இழையில் எபாக்சி தொட்டு, தூக்கிய பக்கத்து இடுக்கில் மட்டும் விடுங்கள்.

ஆனால் கண்ணாடி சட்டத்தோடு உறுதியாக ஒட்டியிருந்து, சட்டமே ஆடினால் அது பசைப் பிரச்சினை இல்லை. கீல் ஊசியோ ஸ்பிரிங்கோ விலகியிருக்கும். அதற்கு மிரர் பாக்ஸையே வெளியே எடுக்க வேண்டும், வீட்டு வேலை அல்ல.

பதில் 1 எழுதியவர்

இறுகிய பிறகு முதல் க்ளிக் எப்படி என்று யாரும் சொல்லவில்லை. லென்ஸ் இல்லாமல், எம் (மேனுவல்) மோடில் ஷட்டர் வேகம் 1/60 வினாடி வைத்து, மவுண்டைத் துணிக்கு மேலே கீழ்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். பிடி விட்டால் கண்ணாடி ஷட்டர் பக்கம் போகாமல் வெளியே விழும். அதே நிலையில் ஒற்றையாகச் சில க்ளிக், பிறகு தொடர் ஷூட்டிங்கில் வினாடிக்கு 3 என்று ஓடவிட்டு, டார்ச் அடித்து நான்கு ஓரமும் பாருங்கள். எதுவும் அசையவில்லை என்றால் லென்ஸ் மாட்டலாம்.