மறுமொழி: அமைவு மொழி ஆவணம் – ‘மேலெழுது’ என்பதற்குப் பதிலாக ‘பிறிதுவிதி’

வணக்கம் நண்பர்களே,

அமைவு மொழி (மென்பொருளின் அமைப்புகளை எழுதும் மொழி) பற்றிய நம் ஆவணத்தில், ஓரிடத்தில் எழுதிய மதிப்பு வேறோரிடத்தில் உள்ளதை வெல்வதைக் குறிக்கும் ‘override’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மேலெழுது’ வேண்டாம், ‘பிறிதுவிதி’ என்று எழுதலாம் என முதல் மடலில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது என் விடை. ஆவணத்தின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. “பயனரின் கோப்பில் உள்ள மதிப்பு, முன்னிருப்பு மதிப்பை மேலெழுதும்.” (முன்னிருப்பு மதிப்பு என்பது, பயனர் எதுவும் எழுதாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது.) இலக்கணப் பிழை இல்லை, படிக்கவும் தடங்கல் இல்லை. ஆனால் சொல்லும் செய்தி தவறு. இதே வினை அந்த இயலில் பல இடங்களில் வருகிறது. ஆகவே சொல்லை முடிவு செய்யாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

மேலெழுது என்றால் முன்பு இருந்ததன் மீது எழுதுவது, பழையது அழிந்துபோகும். கோப்பைச் சேமிக்கும்போது “இதே பெயரில் கோப்பு உள்ளது, மேலெழுதவா?” என்று மென்பொருள் கேட்கிறதே, அதற்கு இது பொருத்தமான சொல். அந்த இடத்தில் அது நிலைபெற்றும்விட்டது. அமைவுக் கோப்புகளில் நடப்பது வேறு. கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி முழுமைக்கும் ஒரு கோப்பு, பயனருக்கு ஒரு கோப்பு, ஒரு களஞ்சியத்துக்கு (ஒரு திட்டத்தின் கோப்புத் தொகுப்புக்கு) மட்டும் ஒரு கோப்பு என்று மூன்று அடுக்குகள். ஒரே அமைப்பு மூன்றிலும் இருந்தால் களஞ்சியக் கோப்பில் உள்ளதுதான் செல்லும். மற்ற இரண்டு கோப்புகளிலும் ஓர் எழுத்துகூட மாறாது. களஞ்சியக் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கினால், பயனர் கோப்பில் உள்ள மதிப்பு உடனே மீண்டும் நடப்புக்கு வந்துவிடும். எதுவும் அழியவில்லை, ஓரிடத்தில் மட்டும் அதன் செல்லுபடி விலக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இது சொல்லாராய்ச்சிக்கான நுணுக்கம் மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நானே மொழிபெயர்த்த ஒரு வழிகாட்டியில் “முன்னிருப்பு அமைப்பை மேலெழுதலாம்” என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், மென்பொருளோடு வந்த மூலக் கோப்பையே திறந்து அதற்குள் மதிப்பைத் திருத்திவிட்டார். அடுத்த பதிப்பை நிறுவியபோது நிறுவி அந்தக் கோப்பைப் புதிதாக வைத்தது. அவர் செய்த திருத்தமெல்லாம் போய்விட்டது. “நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்” என்று எழுதினார். உண்மைதான். என் வாக்கியம் அவரை அங்கேதான் அனுப்பியது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: மூலக் கோப்பைத் தொடாதீர்கள், வேறொரு கோப்பில் வேறு மதிப்பை எழுதுங்கள், அது இதை வெல்லும்.

முதல் மடலுக்கு வந்த மறுமொழிகளுள் ஒன்று:

> ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

பல சொற்களுக்கு இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். சர்வரைச் சர்வர் என்று எழுதுவதால் யாரும் வழி தவறிப் போவதில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லில் அது கைகொடுக்காது. ஆங்கிலத்தில் overwrite (மேலெழுதுவது), override என்று இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்றின் அடியில் எழுதும் வினை இருக்கிறது, மற்றதன் அடியில் ஏறிச் செல்லும் வினை. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘ஓவர்ரைட்’ ஆகிவிடுகின்றன. நம் டகர ஒற்று இரண்டு ஒலிகளுக்கும் நிற்கும். கவனமாக எழுதுபவர்கள் ஒன்றை ‘ஓவர்ரைட்’ என்றும் மற்றதை ‘ஓவர்ரைடு’ என்றும் எழுதுகிறார்கள். ஒரு கோப்பு அழியுமா அழியாதா என்கிற கேள்விக்கான விடையை ஓர் உகரத்தின் மேல் ஏற்றிவைப்பது ஆவணத்துக்கு ஆகாது. ஆக, ஒலிபெயர்ப்பும் குழப்புகிறது, இப்போதைய தமிழ்ச் சொல்லும் குழப்புகிறது. தனிச் சொல் ஒன்று இங்கே தேவைதான்.

முன்வைக்கப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்.

‘மீறு’ என்பதில் குற்றத்தின் சாயல் இருக்கிறது. விதியை மீறினான் என்போம். ஆவணமோ “இதை நீங்கள் தாராளமாகச் செய்யலாம், செய்வதற்காகத்தான் இந்த வசதி” என்று சொல்ல வருகிறது. அதோடு, “வரம்பு மீறியது” என்ற பிழைச் செய்தி இதே ஆவணத்தில் வேறு பொருளில் வருகிறது.

‘புறக்கணி’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. பழையதைக் கண்டுகொள்ளாமல் விடுவது சரி, அதன் இடத்தில் எது செல்லும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. கிட்டில் சில கோப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே நமக்கு வேண்டியிருக்கிறது.

‘விஞ்சு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. சிறிய சொல், நல்ல ஓசை. ஆனால் காத்திருப்பு நேரம் முன்னிருப்பாக 30 நொடி என்றும், பயனர் அதை 5 நொடி ஆக்குகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். “5 ஆனது 30-ஐ விஞ்சும்” என்று எழுத முடியுமா? படிப்பவர் பெரிய எண்தான் வெல்லும் என்று எடுத்துக்கொள்வார். நிக்ஸ்ஓஎஸ் (NixOS) போன்ற இயங்குதளத்தில் குழப்பம் இன்னும் கூடும். அங்கே ஒவ்வொரு வரையறைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. சாதாரணமாக எழுதியதற்கு 100, முன்னிருப்பாக எழுதியதற்கு 1000, வலிந்து எழுதியதற்கு 50. சிறிய எண்தான் வெல்லும். விஞ்சு என்ற சொல்லோடு இதை விளக்கப் புகுந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பின்குறிப்பு வேண்டியிருக்கும்.

‘மேலாணை’ என்றவருக்கு: ஆணை மேலிருந்து வருவது. இங்கே பெரும்பாலும் சிறிய எல்லைக்கு உரிய விதிதான் பெரிய எல்லைக்கு உரியதை வெல்கிறது. மேலே சொன்ன களஞ்சியக் கோப்பைப் போல. திசை தலைகீழாகிவிடுகிறது.

‘மாற்று’ மிகவும் பொதுவான சொல். “முன்னிருப்பை மாற்றவும்” என்றால் அந்தப் பழைய வாசகர் மறுபடியும் மூலக் கோப்பைத்தான் திறப்பார்.

இந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நின்றபோதுதான் இது நமக்குப் புதிய கருத்தே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பொதுவிதி ஒன்று இருக்கும், ஓரிடத்தில் சிறப்புவிதி வந்து அதை விலக்கும், ஆனால் பொதுவிதி அழியாது. இதுதான் நம் இலக்கண நூல்களின் அமைப்பே. நன்னூலின் 165-ஆம் நூற்பா, உயிரீற்றுச் சொல்லுக்குப் பின் க, ச, த, ப மிகும் என்று சொல்லிவிட்டு, “விதவாதன மன்னே” என்று முடிகிறது. வேறு சிறப்புவிதி சொல்லப்படாத இடங்களில்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும் என்பது அதன் பொருள். முன்னிருப்பு மதிப்புக்கு இதைவிடத் தெளிவான வரையறையை நான் பார்த்ததில்லை. பனி, காலம் சேர்ந்தால் பனிக்காலம். விரி, கதிர் சேர்ந்து வினைத்தொகை ஆகும்போது மட்டும் விரிகதிர் என்று மிகாமல் நிற்கும். வினைத்தொகைக்கு உள்ள விதி பொதுவிதியை மேலெழுதியதா? இல்லையே. பனிக்காலத்தில் ககரம் இன்னும் மிகுந்துகொண்டுதான் இருக்கிறது.

உரையாசிரியர்கள் இந்தச் செயலுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். “எய்தியது விலக்கிப் பிறிது விதி வகுத்தல்.” ஏற்கெனவே வந்து சேர்ந்த விதியை இந்த இடத்தில் விலக்கிவிட்டு வேறு விதி தருவது. நாம் தேடுவதன் இரண்டு பாதிகளும் அதில் இருக்கின்றன: பழையது விலகுகிறது, புதியது வருகிறது. இந்தத் தொடரிலிருந்து பிறிதுவிதி என்ற சொல்லை எடுத்து முன்வைக்கிறேன். பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும்: பிறிதுவிதிக்கலாம், பிறிதுவிதித்த மதிப்பு, பிறிதுவிதிக்க முடியாத அமைப்பு.

அந்த உரை மரபில் இன்னும் சில தொடர்கள் உண்டு. அவையும் நம் ஆவணத்துக்கு அப்படியே பொருந்துவதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. “எய்தியது விலக்கல்” என்பது வெறுமனே விலக்குவது, வேறு விதி தராமல். “எய்தாதது எய்துவித்தல்” என்பது முன்பு இல்லாததைப் புதிதாகத் தருவது. “எய்தியது இகந்துபடாமற் காத்தல்” என்பது இருப்பதை யாரும் விலக்கிவிடாமல் காப்பது. லினக்ஸ் கணினிகளில் பயன்படும் கேடிஇ (KDE) பணிமேடையின் அமைவுக் கோப்பில் ஒரு மதிப்பை மாற்ற முடியாதது என்று குறித்துப் பூட்டிவைப்பதுதான் அது.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் (systemd), வெறுமனே விலக்குவதற்கும் பிறிதுவிதிப்பதற்கும் உள்ள வேறுபாடு நேரடியாகவே தேவைப்படுகிறது. ஒரு சேவையைத் தொடங்கும் கட்டளையைத் துணைக்கோப்பில் (மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைக்கும் கோப்பில்) மாற்ற வேண்டுமானால், புதியதை எழுதுவது மட்டும் போதாது. முதலில் அந்த அமைப்பின் பெயரை எழுதி மதிப்பை வெறுமையாக விட வேண்டும், அடுத்த வரியில் புதிய கட்டளையை எழுத வேண்டும். வெற்று வரியை விட்டுவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டு கட்டளைகளாகிவிடும். பெரும்பாலான சேவை வகைகள் அதை ஏற்காது. நான் எழுதிப் பார்த்த வரைவு இது:

“இந்த அமைப்பு பட்டியல் வகையைச் சேர்ந்தது. துணைக்கோப்பில் எழுதும் மதிப்பு முந்தையதற்குப் பிறிதுவிதி ஆகாது, அதனோடு சேரும். பிறிதுவிதிக்க வேண்டுமானால், முதலில் வெற்று மதிப்பை எழுதி முந்தையதை விலக்கவும்.”

இதையே மேலெழுது என்ற சொல்லோடு எழுதிப் பாருங்கள், எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். பல சேவைகளைச் சேர்த்து இயக்கும் டாக்கர் கம்போஸிலும் (Docker Compose) இதே சிக்கல்தான்: இமேஜ் போன்ற ஒற்றை மதிப்புக்கு இரண்டாம் கோப்பு பிறிதுவிதி ஆகும், போர்ட் பட்டியலோ சேர்ந்துகொள்ளும். க்யூ (CUE) என்ற அமைவு மொழியில் ஓர் உறுதியான மதிப்புக்கு வேறொரு மதிப்பைக் கொடுத்தால் அது முரண் என்று பிழை தரும். அதன் ஆவணத்தில் “இந்த மொழியில் பிறிதுவிதிக்க இடமில்லை” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

> பண்டிதச் சொல்லாக இருக்கிறது. யார் பேசுவார்கள்?

பேச்சில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும்போது நானும் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்வேன், அப்போது ஒலியும் சூழலும் உதவும். ஆவணத்தைப் படிப்பவர் தனியாக இருக்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் துணை. பிறிது என்ற சொல்லும் அவ்வளவு அந்நியமானதல்ல, பிறிதுமொழிதல் அணியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். விதி என்பதோ எல்லோரும் அறிந்தது. உலாவி, இடைமுகம் என்பவையும் முதல் முறை காதில் விழுந்தபோது இப்படித்தான் இருந்தன.

இன்னொருவர், கோப்புப் பெயரிலேயே அந்த ஆங்கிலச் சொல் இருக்கும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கோப்புப் பெயர், குறிச்சொல், கட்டளை எதையும் மொழிபெயர்க்கக் கூடாது. கணினி படிப்பது அப்படியே இருக்கட்டும், மனிதர் படிக்கும் விளக்கத்தில் மட்டும் பிறிதுவிதி வரட்டும். இயலின் தொடக்கத்தில் அந்தக் கோப்புப் பெயரை ஒருமுறை காட்டி, “பிறிதுவிதிகளை எழுதும் கோப்பு” என்று அறிமுகப்படுத்திவிட்டால் வாசகர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்.

சொல்லின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தானியங்கிப் பொறியை மனிதர் கையால் நிறுத்தித் தாமே இயக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே விதி ஏதும் வகுக்கப்படுவதில்லை, கட்டுப்பாடு கைமாறுகிறது. பிறிதுவிதி அதற்குப் பொருந்தாது. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் துணைவகுப்பு தாய்வகுப்பின் செயல்கூற்றுக்கு வேறு வடிவம் தருவதற்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் அதை நிரலாக்க ஆவணங்களைத் திருத்துபவர்கள் பார்த்துச் சொல்லட்டும். நான் இப்போது கேட்பது அமைவு மொழி ஆவணத்துக்கு மட்டும்.

மூன்றாம் இயலில் எல்லா இடங்களையும் இந்தச் சொல்லோடு மாற்றி வரைவை இணைத்திருக்கிறேன். படிக்கும்போது எங்காவது இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள். அப்புறம், பட்டியல்கள் ஒன்றுசேர்வதற்கு ‘சேர்’ என்று எழுதியிருக்கிறேன். ‘இணை’ என்றால் இணைப்போடு குழம்பும் என்பதால்தான் தவிர்த்தேன். ஆனால் “கோப்பில் சேர்க்கவும்” என்ற சாதாரண வாக்கியமும் பக்கத்திலேயே வருகிறது. அதற்கு உங்களிடம் நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்.