டெபியன் 12 → 13: ஃபுல்-அப்கிரேட் கொடுத்தால் க்னோமையே தூக்கப் பார்க்கிறது

கேள்வி:
டெபியன் லினக்ஸில், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவியின் சோர்ஸ் பட்டியலில் புக்வர்மை (12-இன் பெயர்) ட்ரிக்ஸி (13-இன் பெயர்) என்று மாற்றிவிட்டு அப்டேட், அப்கிரேட் இரண்டும் ஓட்டினேன். பாதிப் பேக்கேஜ்கள் "கெப்ட் பேக்" என்று நின்றுவிட்டன. சரி என்று ஃபுல்-அப்கிரேட் கொடுத்தால் நீக்கப்போகும் பட்டியல் இரண்டு திரைக்கு நீள்கிறது. லிப்எஸ்எஸ்எல்3 மாதிரி லைப்ரரிகள் ஏராளம், நடுவில் ஜிடிஎம்3 (லாகின் திரை), க்னோம்-கோர் (க்னோம் டெஸ்க்டாப்பின் அடிப்படைத் தொகுப்பு). பயந்துபோய் "என்" தட்டிவிட்டேன். "ஒய்" கொடுக்கலாமா?

பதில் 1:
நல்லவேளை, கொடுக்கவில்லை. வெறும் அப்கிரேட் எதையும் நீக்காது. எதையாவது நீக்கினால்தான் ஒரு பேக்கேஜ் ஏறும் என்றால் அதை அப்படியே விட்டுவிடும், அதுதான் கெப்ட் பேக். ஃபுல்-அப்கிரேட்டுக்கு நீக்கவும் அனுமதி உண்டு. டெபியன் 12-லிருந்து 13-க்குப் போக அது இல்லாமல் முடியாது, அதனால் பட்டியலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

லைப்ரரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 32 பிட்டில் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பி வழியும். அதைச் சரிசெய்யும்போது பல லைப்ரரிகளின் பெயரோடு டி64 ஒட்டிக்கொண்டது, 64 பிட் மெஷின்களிலும்தான். லிப்எஸ்எஸ்எல்3 போய் லிப்எஸ்எஸ்எல்3டி64 வரும். புதிதாக நிறுவும் பட்டியலில் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிடிஎம்3-உம் க்னோம்-கோரும் அப்படி இல்லை, அங்கே ஏதோ முட்டுகிறது. ஹோல்ட் போட்ட, அதாவது பதிப்பு மாறாமல் பூட்டிவைத்த பேக்கேஜ்களைப் பட்டியலிடும் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்ன காட்டுகிறது?

கேட்டவர்:
க்னோம்-ஷெல் என்று ஒரே வரி. ஐயோ! போன வருடம் ஒரு எக்ஸ்டென்ஷன் உடைந்தபோது நானே ஹோல்ட் போட்டு மறந்துபோனது.

பதில் 1:
அதேதான். க்னோம்-ஷெல் 43-ஆம் பதிப்பிலேயே கட்டிப்போடப்பட்டிருக்கிறது, மற்றவை 48-ஐக் கேட்கின்றன. ஆப்ட் உங்கள் ஹோல்டை மதித்து மற்றவற்றைப் பலி கொடுக்கப் பார்த்திருக்கிறது. அன்ஹோல்ட் செய்துவிட்டு ஃபுல்-அப்கிரேட்டோடு '-எஸ்' சேர்த்து ஓட்டுங்கள். அது ஒத்திகை மட்டும், சூடோகூட (நிர்வாகி அனுமதி) தேவையில்லை. 'ரெம்வ்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் படித்தால் போதும்.

பதில் 2:
வெளி ரெப்போ (டெபியனுடையது அல்லாத பேக்கேஜ் களஞ்சியம்) ஏதாவது சேர்த்திருந்தால் அதையும் இப்போதைக்கு முடக்கிவிடுங்கள், எனக்கு ஒருமுறை வினை அங்கிருந்துதான் வந்தது. அப்புறம், முதலில் அப்கிரேட்டை '--வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்' (புதுப் பேக்கேஜ் எதையும் நிறுவாதே) போட்டு ஓட்டுவதுதான் டெபியனின் வெளியீட்டுக் குறிப்பு சொல்லும் வரிசை. இனித் தேவைப்படாதவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கடைசியில், அதுவும் பட்டியலைப் படித்த பிறகு. வேண்டிய பெயர் அதில் தென்பட்டால் 'ஆப்ட்-மார்க் மேனுவல்' போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். கேட்காமலே "ஒய்" சொல்லிவிடும் '-ஒய்' சேர்த்து ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
ஒத்திகையில் ஜிடிஎம்3-உம் க்னோம்-கோரும் பட்டியலிலிருந்து போய்விட்டன. மிச்சமிருந்த லைப்ரரிகளுக்கு டி64 ஜோடி இருந்தது, தைரியமாக "ஒய்" கொடுத்தேன். ரீபூட் ஆகி க்னோம் 48 வந்துவிட்டது. புது ஆப்ட் நீக்கப்போவதைச் சிவப்பில் காட்டுகிறது, இது முன்பே இருந்திருக்கலாம். அந்த எக்ஸ்டென்ஷன் மட்டும் மறுபடி உடைந்து கிடக்கிறது. இந்தத் தடவை ஹோல்ட் போடவில்லை, எக்ஸ்டென்ஷனையே தூக்கிவிட்டேன்.