சி-பேண்ட் டிஷ்ஷுக்கு எதிரே 5ஜி டவர்: அலைவரிசை வேறு, பிறகு ஏன் சிக்னல் போகிறது?

கேள்வி:
பன்னிரண்டு ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் டிஷ்களைப் பராமரித்து வருகிறேன். இப்படி ஒரு தொல்லையை இப்போதுதான் பார்க்கிறேன். எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் 5ஜி டவர் வந்ததிலிருந்து, 3,720 மெகாஹெர்ட்ஸில் வரும் சேனல்கள் மாலையானதும் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன. சிக்னல் பிடிபட்டிருப்பதைக் காட்டும் ரிசீவரின் லாக் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. விடியற்காலையில் ஒரு குறையும் இல்லை. டவர்க்காரர்களிடம் கேட்டால், "எங்களுடையது 3,400 முதல் 3,600 வரைதான், உங்கள் பக்கம் வரவே இல்லை" என்கிறார்கள். ரிசீவருக்கு வரும் கேபிளில் ஃபில்டர் போட்டும் பயனில்லை.

பதில் 1:
அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் உங்கள் சிக்னல் கெடும். டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி (சிக்னலைப் பெருக்கி, அலைவரிசையைக் குறைத்துக் கேபிளில் அனுப்பும் கருவி) சி-பேண்ட் எனப்படும் 3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரை வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதில் 3,720-ஐப் பொறுக்கியெடுப்பது கேபிளின் கடைசியில் இருக்கும் ரிசீவர். 35,786 கிலோமீட்டர் கடந்து வரும் மெலிந்த சிக்னலைத் தூக்கிவிட வேண்டிய, எல்என்பிக்குள் இருக்கும் பெருக்கி, எதிர்மாடி டவரின் பலத்தில் திணறிப்போகிறது. அதன்பின் எல்லா அலைவரிசையும் சேர்ந்தே கெட்டு வெளியே வரும். அப்புறம் கேபிளில் ஃபில்டர் போடுவது வெள்ளம் போன பின் அணை போடுகிற கதை.

மாலையில் போன் பயன்பாடு கூடும், டவரும் அதிக நேரம் அலைகளை அனுப்பும். அதனால்தான் அந்த நேரத்துத் தொல்லை.

எல்என்பி வெளியீட்டை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று திரையில் காட்டும் கருவி) இணைத்துப் பாருங்கள். சி-பேண்ட் எல்என்பி, வரும் அலைவரிசையை 5,150-இலிருந்து கழித்துத் தருவதால், டவரின் அலை 1,550-க்கும் 1,750-க்கும் நடுவே மேடாகத் தெரியும். கூடவே இரைச்சல் மட்டமும் ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். 3,700 முதல் 4,200 வரை மட்டும் விடும் வேவ்கைடு ஃபில்டரை (உலோகக் குழாய் வடிவ ஃபில்டர்) வாங்கி, டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் ஃபீட்ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவில் பூட்டுங்கள்.

பதில் 2:
ஃபில்டர் சரி. ஆனால் நாளை உங்கள் 3,720-ஐயே மொபைலுக்குக் கொடுத்துவிட்டால்? அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 3,700 முதல் 3,980 வரை காலி செய்து ஏலம் விட்டார்கள். 2021-இல் முடிந்த அந்த ஏலத்தில் சுமார் 8,100 கோடி டாலர் வந்தது. நடுவே 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு, செயற்கைக்கோள் சேவையை 4,000-க்கு மேலே ஒதுக்கினார்கள்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வாங்க மட்டும் செய்யும் டிஷ் எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அது இருப்பதே எவருக்கும் தெரியாது. டவருக்கு உரிமம் உண்டு, நம் டிஷ்ஷுக்குப் பல இடங்களில் ஒரு தாளும் இல்லை. அமெரிக்காவில் பதிவு செய்யாத டிஷ்களுக்குப் பாதுகாப்பே கிடைக்கவில்லை. உங்கள் நாட்டில் பதிவுக்கு வழி இருந்தால், இந்த வாரமே செய்துவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மேடு 1,550-இல் தொடங்கிச் சுவர் போல நின்றது. ஃபில்டரைப் பூட்டினேன், அரை டெசிபல் அளவுக்குச் சிக்னல் குறைந்தது, ஆனால் மூன்று மாலைகளாக லாக் விளக்கு அணையவில்லை. 3,660-இல் வந்துகொண்டிருந்த ஒரு சேனல் மட்டும் ஃபில்டரோடு போய்விட்டது. பதிவு விண்ணப்பத்தில் டிஷ்ஷின் திசைக்கோணமும் ஏற்றக்கோணமும் கேட்கிறார்கள். நாளை காலை அளந்து எழுதப் போகிறேன்.