புதுப்பிப்பு: கேம் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டோம்

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் எங்கள் கேமின் பக்கத்தை வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு திறந்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். போதாது என்ற எல்லோருக்கும் நன்றி. விதிப்படி 2 வாரம் போதும்தான். ஆனால் கேமை முன்கூட்டியே விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்பும் பட்டியலில், சேர்த்து வைத்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும். அப்படி ஆட்கள் சேர நாளாகும். அதனால் வெளியீட்டைத் தள்ளிவைத்து, பக்கத்தை இப்போதே திறந்துவிட்டோம்.

அதிகம் யோசித்தது டெமோவை, அதாவது இலவசமாக விளையாடிப் பார்க்கும் மாதிரிப் பகுதியைப் பற்றித்தான். வெளிவராத கேம்களின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். பிப்ரவரி விழாவுக்கே தயாராகியிருக்கலாம், ஆனால் முதல் சண்டையிலேயே புதியவர்கள் திணறினார்கள். கிடைக்கும் ஒரே வாய்ப்பை அரைகுறை டெமோவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஜூன் விழாவில் கலந்துகொள்வது என்று முடிவு.

டிரெய்லரில் லோகோவை எடுத்துவிட்டு, முதல் நொடியிலேயே விளையாட்டைக் காட்டுகிறோம். கேம் விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீமர்களுக்குக் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) அனுப்புவது மட்டும் பாக்கி.