திரைக்குப் பின்னால் விழுந்த 20

இரும்புக்கேடயம்:
3.5 பதிப்புக் காலத்திலிருந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன், பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் போகும் மேசை ஆட்டம். எத்தனையோ கேரக்டர்களைப் பறிகொடுத்திருக்கிறேன், அதில் எந்த வருத்தமும் இல்லை. போன மாதம் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை.

5வது பதிப்பு. என் மூன்றாம் லெவல் ஃபைட்டருக்கு 9 எச்பிதான், அதாவது உயிர்ப் புள்ளிதான், மிச்சம். எதிரில் ஓகர் என்ற ராட்சசன். ஆட்டத்தை நடத்தி எதிரிகளுக்காக உருட்டும் டிஎம், தன் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டிய பகடை ஓரத்தில் முட்டி நின்றது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் தெளிவாகத் தெரிந்தது: 20. இருபது பக்கப் பகடையில் அதுதான் உச்சம், சேதப் பகடைகள் இரட்டிப்பாகும் கிரிட்டிகல் அடி. அவர் ஒரு கணம் அதையே பார்த்தார். அப்புறம் விரலால் உள்ளே தள்ளிவிட்டு, "தடி உங்க தலைக்கு மேல போயிடுச்சு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த சுற்றில் ஓகரை வீழ்த்தியதும் நான்தான். அந்த வெற்றி என் கையில் ஒட்டவே இல்லை.

இத்தனைக்கும் நான் அந்த அடியில் செத்திருக்க மாட்டேன். கிரிட்டிகல் அடி 4டி8+4 (நான்கு எட்டுப் பக்கப் பகடை, கூட 4), எல்லாம் எட்டாக விழுந்தாலும் 36. இருந்த 9 போனால் மீதி 27. அது என் முழு எச்பி 31-ஐத் தொட்டால்தான் நேரடிச் சாவு. மயங்கி விழுந்திருப்பேன், பிழைக்கிறேனா என்று டெத் சேவ் உருட்டியிருப்பேன். எங்கள் கிளெரிக்கிடம் குணப்படுத்தும் மந்திரமான ஹீலிங் வேர்ட் பாக்கி இருந்தது. என்னை எழுப்பும் அந்தத் தருணம் அவளுக்கும் கிடைக்காமல் போயிற்று. எனக்குப் பகடை மேசை நடுவில் உருள வேண்டும். வேறு எதையும் விட்டுக்கொடுப்பேன், இதை மட்டும் முடியாது.

மழைக்காகம்:
அண்ணா, நான் அப்படித் தள்ளிய டிஎம். என் அக்கா பையனுக்குப் பதினோரு வயது, அவனுடைய முதல் ஆட்டம். விசார்ட், அதாவது மந்திரவாதி, 7 எச்பி. அந்தத் தொப்பியை அரை மணி நேரம் வரைந்தான். முதல் சண்டை, முதல் காப்ளின், முதல் அம்பு: 20. சேதத்துக்கு இரண்டு ஆறு. அம்பின் +2-ஐயும் கூட்டினால் 14. பூஜ்யத்துக்குக் கீழே சரியாக இன்னொரு 7, அதாவது டெத் சேவ் கூடக் கிடையாது, நேராகச் சாவு. அவன் பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். இரண்டு எச்பியோடு ஓடித் தப்பித்த கதையை இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது.

ஸ்கார்பரோ_சித்தப்பா:
மழைக்காகம், நீங்கள் செய்தது தவறு. 1981 பேசிக் விதிகளில் மேஜிக் யூசருக்கு (அன்றைய விசார்ட்) ஒரு டி4 எச்பிதான். பூஜ்யம் என்றால் சாவு. பத்து நிமிடத்தில் அடுத்த கேரக்டரை உருட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம். என் 2 எச்பி ஆள் தனியாக ஓகரிடம் மாட்டிக்கொண்டான். டிஎம் எல்லோர் முன்னாலும், எதிரி எப்படி நடந்துகொள்வான் என்ற ரியாக்‌ஷனுக்கு 2டி6 உருட்டினார்: 12, உச்ச நட்பு. ஓகர் அவனோடு உட்கார்ந்து ரொட்டி தின்றது.

பிள்ளைகளோடு ஆடும்போது இப்படிச் செய்யுங்கள். திரையை எடுத்துவிடுங்கள். எதிரி கண்ணில் பட்டதும் அம்பு விடாமல் முதலில் ரியாக்‌ஷன் உருட்டுங்கள். காப்ளின் கூட்டத்தில் முதல் ஆள் விழுந்ததும் மிச்சப் பேர் நிற்பார்களா ஓடுவார்களா என்று மொராலுக்கு 2டி6, பாதிப் பேர் விழுந்தால் இன்னொரு தடவை. பாதிச் சண்டை ஓட்டத்தில் முடிந்துவிடும். பழைய விதியில் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொல்வதைவிடத் திருடிக்கொண்டு ஓடுவது லாபம் என்று பிள்ளை தானே கண்டுபிடிப்பான். கூடவே இரண்டு கூலியாட்களைக் கொடுங்கள். முதல் அம்பு யாருக்கு என்பதையும் பகடையே சொல்லட்டும்.

நான்காம்_பதிப்பு:
2008 பதிப்பை எல்லோரும் திட்டுவீர்கள், தெரியும். ஆனால் அதில் எதிரியின் எச்பி பாதியானால் பிளடீட் என்று மேசைக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு டிராகன் பிளடீட் ஆன அந்த நொடியில் ஆறு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தோம். எழுந்த வேகத்தில் அது மறுபடி நெருப்பைக் கக்கியது. இரண்டு பேர் காலி. யாருக்கும் டிஎம் மேல் கோபமே வரவில்லை.

மழைக்காகம்:
சித்தப்பா, கூலியாட்கள் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். திரையையும் எடுத்துவிட்டேன், அந்த அம்புக்கு அடுத்த வாரமே. ஆனால் அந்த 14-ஐப் பற்றி அவனிடம் சொல்ல மாட்டேன்.

இரும்புக்கேடயம்:
தங்கச்சி, அவன் கண்ணில் அந்தப் பகடை படவில்லையே. நான் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை அடுத்த செஷன், அதே டிஎம், அதே திரை. என்ன கேட்பது என்று இன்னும் தெரியவில்லை.